பெருக்கான்கூட மல்லுக்கட்டியே பாதி உசுரு போச்சுங்க

இன்னைக்கு காலைல பொடக்காளிக்கு போனா தொவைக்கற கல்லு ஒருபக்கமா சாஞ்சு கெடக்குது. அடியில மண்ணே இல்ல, கைய விட்டா முழங்கை வரைக்கும் உள்ள போகுது வங்கு! எல்லாம் பெருக்கான் வேலைங்க, மத்த ஊர்ல பெருச்சாளிம்பாங்களே அதேதான். போன மாசம் வாழை, அதுக்கு முந்தி ரெண்டு தென்னம்பிள்ளை, குருத்தோட சாச்சுப்போட்டுது, கொடத்துல தண்ணி சொமந்து ஊத்துன எங்கம்மா அன்னைக்கு சோறே உங்கல.

இன்னும் என்னதான் பண்றது சொல்லுங்க? கண்ணாடிச் சில்லு, ஜல்லி, சிமெண்ட்டு எல்லாம் போட்டு அடைச்சோம், மக்கா நாளு ரெண்டடி தள்ளி ஈரமண்ணு குமியா கெடக்குது. கருவாடு கட்டி பொறி வெச்சா பக்கத்து வீட்டுப் பூனை மாட்டுது. மருந்து வெக்கலாம்னா கோழி மேயுது, நாய் திரியுது. ஒரு கிலோ வரைக்கும் வளர்ற சீவன், அதைப் பாத்தா பூனையே ஒதுங்கிப் போகுது. முன்பல்லு வளந்துட்டே இருக்கும், எதையாச்சும் கொறிச்சே ஆகணும், சரி, அதுக்கு எங்கூட்டு மோட்டார் ஒயருதான் கெடைச்சுதா?

எலிக்காய்ச்சல் இதுக மூத்திரத்துலயும் பரவும்ங்க, மழைத்தண்ணி தேங்குனா புள்ளைகள வெறுங்கால்ல வாசல்ல எறக்கவே பயமா இருக்குது. தெருச்சாக்கடை தொறந்தே கெடந்தா நான் ஒருத்தன் வங்கு அடைச்சு என்ன பிரயோசனம்?

ராத்திரி ரெண்டு மணிக்கு சன்னலுக்கு அடியில பன்னிக்குட்டியாட்டம் உறுமுது பாருங்க, அதோட தூக்கம் போச்சு.