எடை மட்டும் கணக்கில்லை
"எடை குறைந்த கிட்டார் என்றால் போதும், உடலில் உள்ள சரிவுகளெல்லாம் அழகுக்குத்தான்" என்று ஒருவர் எழுதியிருப்பது சரியில்லை. ஃபெண்டர் நிறுவனத்தின் முதல் டெலிகாஸ்டர் மின்கிட்டார்களின் உடல் தட்டைப் பலகைதான். விளிம்பு விலாவில் உறுத்துகிறது என்று வாசித்தவர்கள் குறைப்பட்டார்கள். 1954இல் அதே நிறுவனத்திலிருந்து வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் (சுருக்கமாக ஸ்ட்ராட்) விலாவும் முன்கையும் படும் இடங்களைச் சீவிவிட்டார்கள்.

அப்புறம் எடை. கிப்சன் நிறுவனத்தின் எஸ்ஜி கிட்டார் மெல்லியது, இலேசானது. ஆனால் ஸ்ட்ராப் (தோள்வார்) மாட்டி நின்றால் பல எஸ்ஜிகளில் கிட்டாரின் கழுத்து கீழே சாயும். அதைத் தாங்கியே இடது கை களைத்துவிடும் (வலக்கைக்காரர்களுக்கு). ஸ்ட்ராப்பை மாட்டும் பட்டன் கழுத்து உடலோடு சேரும் இடத்தில் இருப்பதே முக்கியக் காரணம். ஸ்ட்ராட்டில் பட்டன் இருக்கும் மேல்கொம்பு (உடலின் மேல்பக்க நீட்சி) 12ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) வரை நீள்வதால் இந்தத் தொல்லை குறைவு. உட்கார்ந்தே வாசிப்பவருக்கு, சரி, இது பெரிய விஷயமில்லை. அவர் தொடையில் அமரும் கிட்டாரின் இடுப்பு வளைவைப் பார்த்து வாங்கலாம்.