ஏற்காடு ஏறும் நேரமும் தேசிய சாம்பியனும்

“ஏற்காடு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவையும் சைக்கிளில் யார் சீக்கிரம் ஏறுறாங்களோ, அவங்கதான் தேசிய ரோடு சாம்பியன் ஆவாங்க” என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறீர்கள். நம்ம சேலத்துப் பசங்க இதை நம்பிப் பயிற்சியைத் திட்டமிட வேண்டாம். தேசிய அளவில் இரண்டு தனிப் பட்டங்கள் உண்டு: டைம் டிரையல், மாஸ் ஸ்டார்ட் (எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் ரோடு ரேஸ்). டைம் டிரையலில் ஒவ்வொருவராகக் கிளம்பி, கடிகாரத்தோடு மோத வேண்டும். முந்திச் செல்பவரின் பின்னால் ஒட்டி ஓட்டக்கூடாது. சர்வதேச விதிப்படி 25 மீட்டர் இடைவெளி வேண்டும். மாஸ் ஸ்டார்ட்டிலோ எல்லாமே அந்த ஒட்டுதல்தான். சமதளத்தில் 40 கி.மீ. வேகத்தில் முன்னால் இருப்பவர் காற்றை உடைக்க, பின்னால் வருபவருக்குக் கால்வாசிக்கு மேல் சக்தி மிச்சம். ஏற்காட்டுச் சரிவில் 15 கி.மீ. வேகத்தில் அந்த லாபம் மிகவும் குறைவு. அதனால்தான் மலை நேரம் காலின் பலத்தைக் காட்டுமே தவிர, கூட்டத்துக்குள் இடம் பிடிக்கும் திறமையைக் காட்டாது.

பிரிட்டனின் தேசிய சாம்பியன்கள் பட்டியலையே பாருங்கள். 2013, 2022 ரோடு சாம்பியன் மார்க் கேவண்டிஷ்; அவர் மலையேறுபவர் அல்ல, ஸ்பிரிண்டர், அதாவது கடைசி நேரத்தில் வேகமாகப் பாய்ந்து ஜெயிப்பவர். பிராட்லி விக்கின்ஸ் 2011-இல் ரோடு பட்டமும் 2014-இல் டைம் டிரையல் பட்டமும் வென்றார். சாம்பியன் ஜெர்ஸியும் அந்தந்தப் பிரிவுக்கு மட்டுமே. முன்னால் நீட்டிய டைம் டிரையல் கைப்பிடியை மாஸ் ஸ்டார்ட்டுக்குக் கொண்டுவராதீர்கள், அனுமதி கிடையாது.