வேலூரில இடிச்சா வலிகாமத்தில வெங்காயத்தை மூடோணுமோ?

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆனாப் போதும். "சனி, ஞாயிறு இடியுடன் கூடிய கனமழை, ஆரஞ்சு அலர்ட்" எண்டு ஒரு படம் வட்ஸ்அப் குழு குழுவாச் சுத்தத் தொடங்கீரும். திறந்து பாத்தா கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலை! பாக்குநீரிணைக்கு இஞ்சால ஒரு ஊரின்ர பேரும் அதில இல்லை. ஆனா இஞ்ச யாழ்ப்பாணத்து வலிகாமத்தில வெங்காயத்துக்குப் படங்கு ஏறும். சித்திரை வெயிலுக்குள்ள படங்கால மூடின வெங்காயம் வேர்த்து அழுகும் எண்டு தோட்டக்காரருக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. எண்டாலும் அந்தப் படம் பயப்படுத்தீரும். திங்கள் காலமை "வானிலைக்காரர் பொய்யர்" எண்டு பேச்சு. ஆர் பொய்யர்?

அந்த இந்திய வானிலை அறிவிப்பில "ஓரிரு இடங்களில்" எண்டு இருந்தா, அந்தப் பகுதியின்ர மழைமானி நிலையங்களில கூடினது 25 வீதம் எண்டுதான் கருத்து. வேலூர்ப் பக்கமே முக்கால்வாசி காயும், நீங்கள் என்னத்துக்கு ஓடுறியள்?

அங்கை உள்நிலம் பகல் முழுக்கக் கொதிக்கும், வங்கக்கடல் ஈரம் உள்ளுக்கு வரும், மலைச்சரிவு அதை மேல தள்ளும். பின்னேரம் முகில் கட்டீரும். எங்களிட்ட மலை எங்க கிடக்கு? தட்டைச் சுண்ணாம்புக்கல்லு, சுத்திவரக் கடல். பங்குனி, சித்திரையில ரெண்டு பக்கக் கடற்காத்தும் முட்டினாத்தான் முகில் எழும்பும். அதுவும் கோப்பாயில கொட்டேக்க மானிப்பாயில புழுதி பறக்கும். சோளகம் (தென்மேல் பருவக்காத்து) பிடிச்சா அதுவும் இல்லை. ஆடி, ஆவணியில சென்னையில பின்னேரம் இடிக்கேக்க இஞ்ச வறட்டுக் காத்துத்தான்.

போன் அப்பில வாற மின்னல் படம் இன்னொரு கூத்து. கன அப்புகள் எடுக்கிறது ஜிஎஃப்எஸ் எண்ட அமெரிக்கக் கணினி வானிலைக் கணிப்பின்ர தரவு. அது உலகத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சுத்தான் கணிக்கும், ஒரு கட்டம் கிட்டத்தட்ட 28 கிலோமீற்றர். யாழ்ப்பாண ரவுணும் காங்கேசன்துறையும் ஒண்டுக்குள்ளயே அடங்கலாம். இடிமுகில் ஒண்டின்ர அகலம் 5, 10 கிலோமீற்றர். பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள்ள ஆயுளும் முடிஞ்சிடும். ஞாயிறு உங்கட வளவில விழுமோ எண்டு புதன்கிழமை ஆராலும் சொல்லேலாது.

இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின்ர அண்டைய அறிவிப்பில வட மாகாணம் இருக்கோ, எத்தினை மணிக்குப் பிறகு எண்டு பாருங்கோ. மத்தியானத்துக்குப் பிறகு இந்தியாவின்ர காரைக்கால் மழை ராடர் படத்தைத் திறவுங்கோ. யாழ்ப்பாணத்திலயிருந்து தூரம் 140 கிலோமீற்றர் அளவு. கீழ நிக்கிற தூறல் முகில் தப்பினாலும் உயர்ந்த இடிமுகில் தெரியும். நேரத்தைக் கவனியுங்கோ: 12.00 யூடிசி (உலகப் பொது நேரம்) எண்டா இஞ்ச பின்னேரம் 5.30. கனபேர் உதை விளங்காமத்தான் முடிஞ்சுபோன மழையை "இப்ப வருது" எண்டு அனுப்பினம்.

இவ்வளவு பயந்த ஆக்கள், உண்மையா இடிக்கேக்க என்ன செய்யினம்? பனைக்குக் கீழ ஒதுங்கினம்! மின்னி 30 செக்கனுக்குள்ள சத்தம் கேட்டா இடி 10 கிலோமீற்றருக்குள்ள நிக்குது. மண்வெட்டியைப் போட்டிட்டு வீட்டுக்குள்ள போங்கோ. கடைசி முழக்கத்துக்குப் பிறகு அரை மணித்தியாலம் வெளியில வராதேங்கோ. இதை ஒருத்தரும் போர்வேர்ட் பண்ணமாட்டினம்.