முழு மைதானத்தையும் காட்டாத அலசல்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை மைதானம் ஒன்றின் ஓரத்தில் நின்று கால்பந்து பார்ப்பவர், இருபத்திரண்டு பேரையும் ஒரே பார்வையில் பார்த்துவிடுகிறார். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு அந்த வசதி கிடையாது. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால், பந்தைச் சுற்றியிருக்கும் சிலர் மட்டுமே திரையில் தெரிகிறார்கள். மறுபக்க விங்கில், அதாவது மைதானத்தின் ஓரப் பகுதியில், எவன் காலியாக நிற்கிறான், எந்தத் தடுப்பாட்டக்காரர் இடம் மாறிப் போய்விட்டார் என்பதெல்லாம் நமக்குத் தெரிவதே இல்லை. தொலைக்காட்சி அரங்கில் கோட்டும் டையுமாக நிபுணர்களை உட்கார வைப்பதற்கு என்னைப் பொறுத்தவரை ஒரே ஒரு நியாயம்தான் உண்டு: திரைக்கு வெளியே நடந்ததை அவர்கள் நமக்குக் காட்ட வேண்டும்.

இன்று தமிழில் நாம் கேட்கும் கால்பந்து அலசல்களில் பெரும்பாலானவை இதைச் செய்வதில்லை. "வெறி போதவில்லை", "மனதளவில் தோற்றுவிட்டார்கள்", "உயிரைக் கொடுத்து ஆடினார்கள்" என்ற மூன்று வாக்கியங்களை மாற்றி மாற்றிப் போட்டு, நடுவில் ஒரு சினிமா வசனத்தையும் செருகிவிட்டால் ஒரு இரவு ஓடிவிடுகிறது. கிரிக்கெட்டிலிருந்து வந்த பழக்கம் இது என்று நினைக்கிறேன். அங்கே பந்துக்குப் பந்து இடைவெளி உண்டு, பேசித் தீர்க்க நேரமும் உண்டு. கால்பந்தில் இருப்பது பதினைந்து நிமிட இடைவேளை. அதிலும் விளம்பரம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் வீரரின் மனவுறுதியை அளப்பதில் செலவழிப்பது, கேட்பவனை ஒன்றும் தெரியாதவனாகக் கருதுவதன் அடையாளமே.

2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை சவூதி அரேபியா 2-1 என்று வென்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். எங்கள் ஊர் விளையாட்டு மன்றத்தில் மதிய வெயிலையும் பொருட்படுத்தாமல் கூட்டம் நிரம்பியிருந்தது. மெஸ்ஸி 10-ஆவது நிமிடத்தில் பெனால்டி அடித்து முன்னிலை தந்தார். அதன்பின் இடைவேளைக்குள் அர்ஜென்டினா பந்தை வலைக்குள் தள்ளிய மூன்று முறையும் ஆஃப்சைடு. மன்றத்தில் பாதிப் பேர் தலையில் அடித்துக்கொண்டிருக்க, எனக்குப் பின்னால் இருந்த, ஒரு காலத்தில் பேக்காக (தடுப்பாட்டக்காரராக) ஆடிய ஒருவர் மட்டும், "லேய் மக்கா, பந்தைப் பாக்காத, அவனுவ லைனைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதுதான் விஷயம். பயிற்சியாளர் எர்வே ரெனார், தடுப்பு வரிசையை நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால்வரை ஏற்றி நிறுத்தியிருந்தார். அதனால் நடுக்களத்தில் மெஸ்ஸிக்குத் திரும்ப இடமில்லாமல் போயிற்று. அர்ஜென்டினா வரிசைக்குப் பின்னால் நீளப் பந்து போடத் தள்ளப்பட்டது. பந்து போடப்படும் நொடியில் அந்த வரிசையைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு; ஓடியவர்கள் அரை அடி முந்தி ஓடி மாட்டிக்கொண்டார்கள். ஒரு வினாடி பிசகினாலும் கோல் வாங்கக்கூடிய அந்த ஆபத்தான ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டதற்குப் பலனாக, 48-ஆவது, 53-ஆவது நிமிடங்களில் சவூதி இரண்டு கோல் அடித்தது. மறுநாள் ஒரு செய்தித் தொலைக்காட்சியின் அரை மணி நேர அலசலில் நான் கேட்டதோ மெஸ்ஸியின் துரதிர்ஷ்டம், மெஸ்ஸியின் வயது, மெஸ்ஸியின் கடைசி வாய்ப்பு. தடுப்பு வரிசை என்ற பேச்சே வரவில்லை.

நம் ஊர்ப் பையன்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் குறை இன்னும் உறுத்துகிறது. இரவிபுத்தன்துறையிலிருந்து சென்ற மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் அணிகளில் இடது விங்கில் தடுப்பாட்டக்காரர்களைக் கடந்து ஓடுபவராகப் பெயர் எடுத்தவர். 2019-20 பருவத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணியில் பயிற்சியாளர் ஆபாஸ், பின்னால் மூன்று பேரை வைத்த 3-5-2 அமைப்பில் அவரை இடது விங்-பேக்காக ஆட வைத்தார். அதாவது, தாக்கி ஓடிய அதே ஆள் பந்து பறிபோனதும் தன் கோல் கம்பம்வரை திரும்பி ஓடி வலதுபக்க ஓரத்திலிருந்து கோல் முன்னால் வந்து விழும் பந்தை, அதாவது கிராஸை, காக்க வேண்டும். அந்த ஆண்டு ஏடிகே ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையும் வென்றது. ஒரு விங்கர் எப்படி விங்-பேக் ஆனார், எப்போது ஏறினார், அவர் ஏறியபோது விட்டுச்சென்ற இடத்தை யார் அடைத்தார்கள் என்பதைப் படம் நிறுத்திக் காட்டியிருந்தால், இங்கே மாலையில் மணலில் ஆடும் நூறு பையன்களுக்கு அது பாடமாகியிருக்கும். நமக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்தது, கடற்கரைச் சிற்றூரில் பிறந்து வளர்ந்த கதை மட்டுமே. அந்தக் கதை எங்களுக்குத் தெரியும் ஐயா, நாங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள்.

நிபுணர்களின் கணிப்பு தவறிப் போவதைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. 1995 ஆகஸ்டில் ஆஸ்டன் வில்லாவிடம் மான்செஸ்டர் யுனைடெட் 3-1 என்று தோற்றபோது, சிறுவர்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது என்று பிபிசியில் சொன்ன முன்னாள் லிவர்பூல் தடுப்பாட்டக்காரர் ஆலன் ஹான்சனைப் பார்த்து உலகம் இன்றும் சிரிக்கிறது. அந்தச் சிறுவர்கள் அதே பருவத்தில் லீக்கையும் எஃப்ஏ கோப்பையையும் வென்றார்கள். ஆனால் இன்ஸ், ஹியூஸ், காஞ்செல்ஸ்கிஸ் என்ற முக்கிய வீரர்கள் மூவரையும் விற்றுவிட்ட அணியைப் பார்த்துச் சொன்ன அந்தக் கருத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மேலும், தடுப்பாட்டப் பிழைகளை ரீப்ளேயில் நிறுத்தி நிறுத்தி விளக்கும் வழக்கத்தை இங்கிலாந்தில் வளர்த்தவர்களில் அவரும் ஒருவர். காரணத்தோடு தவறுபவரை நான் மதிப்பேன். எதையும் சொல்லாததால் ஒருபோதும் தவறாதவர்களே என் எரிச்சலுக்கு ஆளாகிறவர்கள்.

புகழ்பெற்ற முன்னாள் வீரர் என்பதாலேயே விளக்கத் தெரிந்துவிடாது. விளக்கத் தெரிந்தவர் நல்ல பயிற்சியாளராகிவிடுவதுமில்லை. இங்கிலாந்தின் ஸ்கை தொலைக்காட்சியில் பெரிய திரையில் வீரர்களை நகர்த்திக் காட்டிப் பாராட்டுப் பெற்ற முன்னாள் மான்செஸ்டர் யுனைடெட் வீரர் கேரி நெவில், 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியா அணியின் பயிற்சியாளராகி, சில மாதங்களிலேயே நீக்கப்பட்டார். இரண்டும் வேறு வேறு தொழில்கள். வர்ணனை என்பது மூன்றாவது தொழில். எங்கள் பக்கம் மலையாளம் எல்லோருக்கும் புரியும் என்பதால் மலையாள வர்ணனையாளர் ஷைஜு தாமோதரனின் குரலுக்காகவே அலைவரிசை மாற்றுபவர்கள் உண்டு. அந்தக் குரலின் வேலை ஆட்டத்தின் சூட்டை நம் வீட்டுக்குள் கொண்டுவருவது, அதை அவர் செய்கிறார். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களும் அவரைப் போலவே கத்த முயல்வதில்தான் சிக்கல்.

புதிதாக வந்திருக்கும் எக்ஸ்ஜி எண்களும் இப்படித்தான் வீணாகின்றன. ஒரு வாய்ப்பு கோலாகும் சாத்தியத்தைச் சொல்லும் அளவு அது. பெனால்டி ஒன்றுக்கு முக்கால் கோலுக்குச் சற்று மேல். இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொல்லாமல் திரையின் மூலையில் 1.8 என்று போட்டால், பார்ப்பவர் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்?

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமும் அல்ல. உலகக் கோப்பை போன்ற தொடர்களில் மைதானம் முழுவதையும் உயரத்திலிருந்து காட்டும் தனிக் கேமராவின் படம் ஒளிபரப்பாளர்களுக்குக் கிடைக்கிறது. அதில் இரண்டே காட்சிகளை எடுத்து, இடைவேளையில் நிறுத்திக் காட்டினால் போதும். உட்கார வைக்க ஆள் இல்லை என்ற பேச்சும் எடுபடாது. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியில் ஆடிவிட்டு வந்த தடுப்பாட்டக்காரர்கள் எங்கள் கடற்கரையிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழையுங்கள், இரு அணிகளின் முந்தைய ஆட்டத்தை முதல் நாளே பார்க்கக் கொடுங்கள், சினிமா வசனம் கேட்காதீர்கள்.