பச்சைத் தேற்றமாம், பச்சை!

மேடையில் ஒருவர் கணக்கு விளக்கக் காட்டிய அந்த ஸ்லைடை இதுவரை பதினெட்டு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். தொகையிடல் (integration) கணக்கில் வரும் 'கிரீன் தேற்றம்' (Green's theorem) அதில் 'பச்சைத் தேற்றம்' ஆகியிருக்கிறது. பக்கத்தில் அழகுக்கு ஓர் இலைப் படம் வேறு.

கிரீன் நிறம் இல்லை ஐயா, ஆள். ஜார்ஜ் கிரீன். நாட்டிங்காமை ஒட்டிய ஸ்னெய்ன்டனில் காற்றாலை ஓட்டி மாவு அரைத்தவர். சிறுவயதில் பள்ளிக்கூடம் போனதே ஒரு வருடம் சொச்சம்தான். ஆலை வேலை போக மிச்ச நேரத்தில் தானாகப் படித்து, 1828-இல் மின்சாரம், காந்தம் பற்றி ஒரு கட்டுரையை அச்சிட்டார். சந்தா கட்டியவர்கள் 51 பேர். அவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்ததோ! நாற்பது வயதில் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தார். 1841-இல் இறந்தார். நாலு வருடம் கழித்து இயற்பியலாளர் வில்லியம் தாம்சன், அதாவது பிற்காலக் கெல்வின் பிரபு, கையில் அந்தக் கட்டுரை சிக்கிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கிரீனின் முகம் எப்படியிருக்கும் என்றுகூடத் தெரியாது, ஒரு படமும் கிடைக்கவில்லை. மிஞ்சியது பெயர். அதற்கும் பச்சைப் பெயிண்ட் அடித்தாயிற்று.

"தமிழில் கணக்கு வருவதே உனக்குப் பொறுக்கவில்லையா?" என்பீர்கள். தொகையிடலைத் தமிழில் விளக்கி விளக்கியே தொண்டை கட்டியவன் நான். பெயரையும் பெயர்த்தே தீருவோம் என்றால் நியூட்டனைப் 'புதூரார்' ஆக்குங்களேன். ஆப்பிளோடு பொருத்தமாக இருக்கும்.

"மொழிபெயர்ப்பு மெஷின் செய்த தப்பு." சரி. மேடையேறி மைக் பிடித்தது மெஷினா?

"இன்றைய வடிவில் அந்தத் தேற்றம் கிரீன் கட்டுரையிலேயே இல்லையே" என்றும் ஒருவர் வருவார். உண்மைதான். அதற்கும் இலைக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு பெயருக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், எங்கள் அப்பாவும் மாவு மில்காரர். சாயங்காலம் வீடு வரும்போது கண்ணிமையில்கூட மாவு ஒட்டியிருக்கும். பெயர் தங்கராசு. ஓர் அலுவலகத்தில் கொடுத்த ஆங்கிலத் தாளில் அது 'கோல்டு கிங்' ஆகியிருந்தது. வீடே சிரித்தது, அவரும்தான். அப்புறம் அதைத் திருத்த நாலு தடவை சைக்கிள் மிதித்தார். நாலாவது தடவை, "அர்த்தம் ஒண்ணுதானே பெரியவரே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு அவர் யாரோடும் பேசவில்லை. அந்த இரண்டு வார்த்தைகளையும் பேனாவால் அடித்துவிட்டு, கீழே கோணல் எழுத்தில் தன் பெயரை எழுதி வைத்தார். அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

ஸ்லைடைத் திருத்துங்கள். இலையையும் எடுத்துவிடுங்கள்.