தம்புராவின் நூலும் தகெமிட்சுவின் பிவாவும்

போன வாரம் ஒரு ஃபியூஷன் கச்சேரிக்குப் போயிருந்தேன். மேடை நிறைய வயலின்கள், நடுவில் ஒரே ஒரு வீணை. வாசித்த அம்மாவைத் தனிக் கச்சேரியில் கேட்டிருக்கிறேன், அபாரமாக வாசிப்பார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது நாலு வரி. அதிலும் பின்னால் கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) மாறிக்கொண்டே இருந்ததால் கமகத்தையெல்லாம் சுருக்கி, ஸ்வரங்களை நேர்நேராகத் தட்டிவிட்டு ஒதுங்க வேண்டியதாகிவிட்டது. கைதட்டல் என்னவோ பலமாகத்தான் இருந்தது. எனக்கு மனசு ஆறவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தோரு தகெமிட்சுவின் 'நவம்பர் ஸ்டெப்ஸ்' போட்டுக் கேட்டேன். ஜப்பானிய இசையமைப்பாளர், 1930-ல் பிறந்தவர், இசையைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவர். 1944-ல், பதினான்கு வயதில், பள்ளியிலிருந்து ராணுவ வேலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போர்க்காலம் விட்டுப்போன கசப்பில், தன் நாட்டு மரபிசை காதில் விழுந்தாலே அந்த நாட்கள்தான் ஞாபகம் வருகின்றன என்று பல வருஷம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தவர். தெபுஸ்ஸி, மெஸ்ஸியான் போன்ற பிரெஞ்சு இசையமைப்பாளர்கள் என்று மேற்கிலேயே மூழ்கிக் கிடந்தார். அப்புறம் ஒரு நாள் புன்ராகு என்ற ஜப்பானியப் பொம்மலாட்டத்தில் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தைக் கேட்டு ஆடிப்போனதும், அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் சிந்தனைகளோடு பழகியதும் சேர்ந்துதான் அவரைச் சொந்த வாத்தியங்களிடம் திருப்பின.

நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா தன் 125-வது ஆண்டுக்காகக் கேட்டு அவர் எழுதிக் கொடுத்ததுதான் இந்த 'நவம்பர் ஸ்டெப்ஸ்'. 1967 நவம்பரில் அரங்கேறியது, நடத்தியவர் செய்ஜி ஒசாவா. ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் இரண்டே பேர்: பிவா என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியம் வாசித்த கின்ஷி த்சுருதா, ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழல் வாசித்த கத்சுயா யோகோயாமா. போர்வீரர் கதைகளைப் பாடும் மரபில் வளர்ந்த வாத்தியத்தை ஒரு பெண் கையில் எடுத்து அப்படி ஒரு அடி அடிக்கிறார்! பிவாவை மீட்டுவது விசிறி போல விரிந்த ஒரு பெரிய மரத்தகட்டால். தந்தியைத் தட்டும்போதே வாத்தியத்தின் முகத்திலும் 'டக்'கென்று இடிக்கும். அந்த இடியும் இசைதான்.

அதைவிட முக்கியமானது தந்தியின் ரீங்காரம். ஜப்பானில் 'சவாரி' என்பார்கள். இதை விளக்க எனக்கு எங்கள் அத்தையின் தம்புராதான் வேண்டும். அத்தை பாட உட்காரும் முன் தையல் பெட்டியிலிருந்து துண்டு நூல் எடுத்து, குதிரைக்கும் (தந்திகளைத் தாங்கும் கட்டைக்கும்) தந்திக்கும் நடுவில் செருகி, மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே மீட்டுவார். அதுவரை மொட்டையாக 'டொங்' என்ற தந்தி, ஓர் இடத்தில் சட்டென்று உயிர் வந்து 'ங்ங்ங்' என்று விரியும். அதற்குப் பெயரே ஜீவா. பிவாவிலும் இதே வேலைதான் நடக்கிறது, தந்தி மரத்தை உரசி உரசிப் பேசுகிறது. மேற்கத்திய காது குறை என்று துடைத்துப்போடக்கூடிய சத்தத்தை இவர்கள் தேடித் தேடி வரவழைக்கிறார்கள். அத்தைக்கு இந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். பிவா ஒரே ஒரு முறை ஒலித்ததுமே, "ஜீவா நல்லா பிடிச்சிருக்கா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டார்.

தகெமிட்சுவை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம், இந்த இரண்டு வாத்தியங்களையும் ஆர்கெஸ்ட்ராவுக்குள் கரைக்க அவர் முயலவே இல்லை என்பதுதான். அவற்றுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியட்டும் என்றே எழுதினார். ஒரு கட்டத்தில் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் சும்மா உட்கார்ந்திருக்க, இவர்கள் இருவரும் பல நிமிஷம் தனியாக வாசிக்கிறார்கள். அந்தப் பகுதிக்கு வழக்கமான ஐந்து கோட்டு நொட்டேஷன்கூட இல்லை, வரைபடம் மாதிரி குறிகள்தான். எப்போது மூச்சு விடுவது, எவ்வளவு நேரம் மௌனமாக இருப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் வாசிப்பவர் கையில்.

அப்படியென்றால் சேர்த்து வைப்பானேன், தனித்தனியாகவே வாசிக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஷாகுஹாச்சியில் குழலின் ஒலியைவிடக் காற்றின் ஒலி அதிகமாக வரும் இடங்கள் உண்டு. அதைக் கேட்டுவிட்டு, திரும்ப வயலின்கள் நுழையும்போது கவனியுங்கள், அவையும் மூச்சு விடுவதுபோலவே கேட்கும். வயலின்காரர்கள் எதையும் மாற்றவில்லை, மாறியது நம் காது. பக்கத்தில் நிற்க வைத்தால் போதும் என்று அவர் நம்பினார், அந்த நம்பிக்கை பலித்தது.

நம் ஊரில் வீணையையும் நாகஸ்வரத்தையும் ஆர்கெஸ்ட்ராவோடு மேடையேற்றுகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: அந்த வீணைக்கு ஐந்து நிமிஷம் கொடுங்கள். பின்னால் எதுவும் வேண்டாம். அந்த அம்மா ஒரே ஸ்வரத்தை எவ்வளவு நேரம் இழுக்க நினைக்கிறாரோ அவ்வளவு நேரம் இழுக்கட்டும்.

'நவம்பர் ஸ்டெப்ஸ்' சுமார் 20 நிமிஷம். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், ஏனென்றால் ஆர்கெஸ்ட்ராவை அவர் இடது வலது என்று இரண்டாகப் பிரித்து உட்கார வைத்திருக்கிறார். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் அது தெரியாது, பிவாவின் ஜீவாவும் கிடைக்காது.