சைகை மொழி கற்றால் பேச்சு குறையுமா? பரவும் செய்தி தவறு

டெல்லியில் மயூர் விஹார், ஆர்.கே.புரம் பக்கத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "காது கேட்கும் பிள்ளைகள் சைகை மொழி படித்தால் பேச்சு குறையும், அது காது கேளாதோருக்கு மட்டுமான பாடம்." இரண்டுமே தவறு.

காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகள் சைகையையும் பேச்சையும் சேர்த்தே கற்று வளர்கிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என வளரும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு மொழி பாரமாகிவிடாது. பேச்சு தாமதமானால் காரணம் வேறு. சைகை மேல் பழி போட்டுக் காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். எனக்குப் பெரிய கவலை அதுதான்.

இது காது கேளாதோருக்கு மட்டுமான பாடமும் அல்ல: இந்திய சைகை மொழி 2021-இல் மொழிப்பாடமாக அங்கீகரிக்கப்பட்டது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் இணையதளத்தில் பாடப் பட்டியலைப் பாருங்கள். டெல்லியிலேயே உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் 10,000 சொல் அகராதி யூடியூபில் இலவசம். வெளிநாட்டு வீடியோக்களில் ஒரே கையால் காட்டும் எழுத்துகள் பெரும்பாலும் அமெரிக்க முறை. இங்கே அதிகமும் இரு கைகள்.

அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போடுங்கள். அந்தச் செய்தியை நம்பி சைகை மொழி வகுப்பிலிருந்து பிள்ளையை நிறுத்திய பெற்றோர் அங்கே இருக்கலாம்.